கரடியின் இடது கால்

போன மாதம் என் மகன் நண்பர்களோடு ஒரு பெரிய கேளிக்கைப் பூங்காவுக்குப் போவதற்காக ஷூ வாங்கினான். நாள் முழுக்க நடக்க வேண்டுமாம், வரிசையில் நிற்க வேண்டுமாம். கடையில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் போய்ப் போய் வந்தான். நான் ஸ்டூலில் உட்கார்ந்து அவன் நடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எப்படிப்பா இருக்கு?" என்றான்.

"யாராவது போட்டுப் பழகின ஷூவா இருந்தா வேண்டாம்" என்றேன்.

"அப்பா, இது புதுசு. பெட்டியிலேர்ந்து இப்பத்தான் எடுத்தாங்க" என்று சிரித்தான். கடைக்காரரும் சிரித்தார். எனக்கு விளக்கிப் பேச வராது. ஆனால் என் வயதுக்காரர்களான உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றியது. தில்லியில் நம்மைப்போல ஜுக்கிக் குடிசையில் வளர்ந்தவர்களுக்கு, கால்களுக்கு என்று தனியாக ஒரு பொருள் வாங்குவது எப்படிப்பட்ட காரியம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். முனிர்காவுக்குப் பின்னால் தகரமும் தார்ப்பாயுமாக எங்கள் வீடுகள் இருந்தன. அப்பா கட்டட வேலைக்குப் போனவர். தலையில் சாந்துச் சட்டியோடு சாரத்தில் ஏறி ஏறி அவருக்கு ஒரு நடை வந்திருந்தது: முழங்காலை மடக்காமல், குறுகிய, வேகமான அடிகள். ஸ்டேடியம், மேம்பாலம் எல்லாம் கட்டி முடிந்த பிறகு நகரத்தில் வேலை வற்றிவிட்டது. அந்தக் குளிர்காலத்தில்தான் மைதானத்துப் பக்கம் ராட்டினங்களோடு ஒரு பூங்கா புதிதாகத் திறந்திருந்தார்கள். அங்கே அப்பாவைக் கரடியாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

கரடி என்றால் வேஷம்தான். கறுப்பு ரோமத் துணியில் உடம்பு. காகிதக் கூழில் செய்த பெரிய தலை. கரடியின் திறந்த வாயில் வலை அடித்திருக்கும். உள்ளே இருப்பவர் அதன் வழியாகத்தான் பார்க்க வேண்டும். ஒருமுறை அப்பா அந்தத் தலையை எனக்குப் போட்டுக் காட்டினார். பசை வாசனை, முந்தின ஆளின் பீடி வாசனை, அப்பாவின் தேங்காய் எண்ணெய் வாசனை. என் மூச்சே எனக்கு வேறு யாரோ மூச்சு விடுவதுபோலக் கேட்டது. அழுதுவிட்டேன்.

அந்த வேலைக்குப் பலர் வந்திருந்தார்களாம். அப்பாவை எடுத்ததற்குக் காரணம் அவருக்கு இந்தி சரியாக வராதது. "போல்னா மனா ஹை" என்று சூப்பர்வைசர் உதட்டில் விரல் வைத்துக் காட்டினாராம். கரடி பேசக் கூடாது. அப்பா தலையை மட்டும் ஆட்டினார். அந்த இடத்திலேயே வேலை உறுதியாகிவிட்டது.

பேசக் கூடாது, உட்காரவும் கூடாது. காலையில் கதவு திறந்தது முதல் விளக்கு போடும் வரை ராட்டினத்துக்கும் குளத்துக்கும் குட்டி ரயிலுக்கும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். கரடிக்குப் பாதம் என்று தனியாக எதுவும் இல்லை. ரோம உறை ஒன்றைச் சொந்தச் செருப்புக்கு மேலே கட்டிக்கொள்ள வேண்டும். முன்னால் நுனி கொஞ்சம் வெளியே தெரியும்.

அங்கேதான் சிக்கல். ரப்பர் செருப்பு உறைக்குள் நழுவியது. ஞாயிறு சந்தையில் வாங்கிய பிளாஸ்டிக் ஷூவில் வேர்வை ஊறி விரல் இடுக்குகள் வெந்துபோயின. கான்வாஸ் ஷூவில் குதிகால் கிழிந்தது. அம்மா பழைய புடவைத் துணியைச் சுற்றிப் பார்த்தாள், பஞ்சு வைத்துப் பார்த்தாள். மாலையில் அப்பா வீட்டுக்கு வந்ததும் அலுமினியச் சட்டியில் உப்புத் தண்ணீர் வைப்பாள். தண்ணீர் மெல்ல ரோஸ் நிறமாகும். அப்பா அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"நேத்து கொஞ்சம் உக்காந்துட்டேன். ஒரு கொழந்தை வந்து, அம்மா, கரடி செத்துடுச்சுன்னு கத்திடுச்சு. சூப்பர்வைசர் பாத்துட்டான்" என்றார் ஒருநாள்.

"என்ன சொன்னான்?" என்றாள் அம்மா.

"இன்னொரு தடவை உக்காந்தா வேற கரடி வரும்னான்."

அதைக் கேட்டு மாமா மட்டும் சிரித்தார். மாமா என்பது அம்மாவின் தம்பி. பக்கத்து ஜுக்கி. அவருக்கும் வேலை இல்லை. அத்தைக்குப் பிள்ளை பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

அம்மா ஆர்.கே.புரம் குவாட்டர்ஸில் பாத்திரம் தேய்த்தாள். வேலை முடிந்து மலைக் கோயில் வழியாக வருவாள். மேலே ஏறமாட்டாள், அடியிலேயே நின்று கும்பிட்டுவிட்டு, செருப்புப் பார்த்துக்கொள்ளும் அக்காவோடு பேசிக்கொண்டிருப்பாள். கோயிலில் செருப்பை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு என்று உங்களுக்குத் தெரியும். பிடித்த பீடை செருப்போடு போகட்டும் என்று சனிக்கிழமையில் விட்டுவிட்டு, வெறுங்காலோடு திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். அதை எடுத்துப் போட்டுக்கொள்கிறவன் அந்தப் பீடையையும் போட்டுக்கொள்கிறான். எங்கள் ஜுக்கியில் பசிக்குத் திருடுகிறவர்கள்கூட அந்தச் செருப்புகளைத் தொடமாட்டார்கள்.

ஒரு நாள் அம்மா முந்தானைக்குள் மறைத்து ஒரு ஜோடி ஷூ கொண்டுவந்தாள். பழுப்புத் தோல். பழசு, ஆனால் பாலிஷ் போட்டது. வலது ஷூவின் மூக்கில் ஒரு கிழிசலை யாரோ சிவப்பு நூலால் தைத்து, நூல் தெரியாமல் இருக்க மேலே பாலிஷ் தடவியிருந்தார்கள்.

"கோயில் செருப்பா?" என்று மாமா எழுந்துவிட்டார். "அக்கா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"சனிக்கெழமை விட்டதுதான்டா ஆகாது. இது செவ்வாக்கெழமைலேர்ந்து கெடக்காம். அந்த அக்காவே சொல்லிச்சு. யாரோ மறந்துட்டுப் போயிருக்காங்க."

"ஷூவை மறந்துட்டு வெறுங்கால்ல எவன் வீட்டுக்குப் போவான்?"

"பெரிய மனுஷங்க. கார்ல வந்திருப்பாங்க."

அம்மாவின் கணக்கு அதுதான். சனிக்கிழமைக்கு ஒரு அர்த்தம்; செவ்வாய்க்கிழமைக்கு இன்னொன்று. அப்பா இந்தப் பேச்சு எதையும் கேட்கவில்லை. அவர் ஏற்கெனவே காலை உள்ளே விட்டுவிட்டார். "அம்மாடி" என்றார். அளவு எடுத்துத் தைத்ததுபோல இருந்தது. இடது ஷூவின் உள்ளே குதிகாலுக்கு அடியில் ஒரு தக்கைத் துண்டு வைத்து, தோல் ஒட்டியிருந்தது. "மெத்தை மாதிரி இருக்கு. எடுக்காத" என்றார்.

அன்றோடு உப்புத் தண்ணீர் நின்றது. சட்டி மறுபடியும் சோறு வடிக்கப் போனது. அப்பா வேலைக்குப் போகும்போது முணுமுணுவென்று பாட்டுப் பாடினார். வேறு கரடி வராது என்று எங்கள் எல்லோருக்கும் தைரியம் வந்தது.

ஆனால் நடை மாறிவிட்டது.

முதலில் கவனித்தவள் அம்மா. "ஏங்க, ஏன் அப்படிச் சாய்ஞ்சு நடக்கறீங்க?"

"எப்படி?"

அப்பாவுக்கே தெரியவில்லை. நீளமான, நிதானமான அடிகள். இடது கால் தரையில் படும்போது உடம்பு ஒரு பக்கமாக மெல்ல இறங்கி, ஒரு கணம் யோசித்ததுபோல நின்று, பிறகு எழும். வீட்டுக்குள் ஷூவைக் கழற்றிய பிறகும் அந்த நடை உடனே போகாது. தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு வருவார். குடம் ஒரு பக்கம் இறங்கி ஏறும். ஜுக்கிக்கு வெளியே இருட்டிக்கொண்டு வரும் நேரத்தில் காலடிச் சத்தம் கேட்கும். 'டக்' ஒன்று, அப்புறம் ஓர் இடைவெளி, அப்புறம் மெதுவாக ஒரு 'டக்'. முன்பெல்லாம் அப்பா வரும் சத்தம் கேட்டால் எழுந்து ஓடுவேன். அந்த நாட்களில் கதவுச் சாக்குக்குப் பின்னால் நின்று, உள்ளே வருவது யார் என்று பார்த்த பிறகுதான் வெளியே வருவேன்.

இன்று யோசித்தால் விஷயம் எளிது. அந்த ஷூவுக்குச் சொந்தக்காரருக்கு ஒரு கால் குட்டை. அதைச் சரிக்கட்டத்தான் தக்கை. நல்ல காலுள்ளவன் போட்டால் அது அவனைக் கோணலாக நடக்க வைக்கும். தக்கையும் போதாமல் அவர் இடது பக்கம் சாய்ந்தே நடந்து, ஷூவின் அடிக்கட்டை அந்தப் பக்கம் தேய்ந்திருந்த விதமும் சேர்ந்துகொண்டது. இதை எந்தச் செருப்புத் தைக்கிறவரும் சொல்லியிருப்பார். ஆனால் நாங்கள் யாரும் கேட்கவில்லை. மெத்தை என்று நினைத்தோம்.

பள்ளிக்கூடத்துக்குக் குளிர் விடுமுறை விட்டார்கள். அப்பா என்னைப் பின்வாசல் வழியாகப் பூங்காவுக்குள் அழைத்துப் போனார். வாசல் காவல்காரர் என்னைப் பார்த்து, "கரடிக் குட்டி" என்று இந்தியில் கிண்டல் செய்வார். நான் குளத்தங்கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் ராட்டினத்தில் சுற்றுவதைப் பார்ப்பேன். மூடுபனியில் ராட்டினத்தின் மேல்பாதி தெரியாது. பெட்டிகள் சிரிப்பும் கூச்சலுமாக மேலே போய் வெள்ளைக்குள் மறையும், சத்தம் நின்றுவிடும், பிறகு மறுபக்கத்தில் ஆட்களோடு இறங்கி வரும். அதே ஆட்கள்தானா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, கரடி குளத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. இறங்கி, நின்று, எழும் அந்த நடை. அப்போது எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அப்பா!"

என் வயதுச் சிறுமி. பச்சை ஸ்வெட்டர், இரட்டைப் பின்னல். அவளைச் சுற்றிலும் இந்திச் சத்தம். நடுவில் அந்த ஒரு தமிழ்ச் சொல். கரடி சட்டென்று திரும்பியது. நான்தான் கூப்பிட்டேன் என்று அப்பா நினைத்துவிட்டார்.

நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் ஓடவில்லை. மெதுவாகக் கிட்டே போனாள். கரடியின் முகத்தைப் பார்க்கவே இல்லை. கீழே, ரோம உறைக்கு வெளியே தெரிந்த ஷூவின் மூக்கைப் பார்த்தாள். பிறகு இடது பக்கமாக வந்து கரடியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கரடி நடந்தது. அது இறங்கும்போது அவள் தோளைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தாள், எழும்போது தாழ்த்தினாள். எத்தனையோ நாள் அப்படி நடந்து பழகிய பெண் அவள் என்று பார்க்கிற யாருக்கும் தெரிந்திருக்கும்.

அவளுடைய அம்மா கொஞ்சம் தள்ளி நின்றிருந்தார். நெற்றியில் பொட்டு இல்லை. கையிலிருந்த கடலைப் பொட்டலம் சரிந்து கடலை கீழே கொட்டுவதுகூட அவருக்குத் தெரியவில்லை.

குளத்தை ஒரு சுற்று சுற்றி வந்த பிறகு அவர் கரடியின் அருகில் போய்த் தணிந்த குரலில் தமிழில் பேசினார். அப்பா பதில் சொல்ல முடியாது. சூப்பர்வைசர் குட்டி ரயிலடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கரடி தலையை மட்டும் ஆட்டியது.

வீட்டுக்கு வந்து அப்பா சொன்னார். "அந்தம்மாவோட வீட்டுக்காரரு ஷூவாம் இது. அவரு தவறிப்போயிட்டாராம். அந்தம்மாதான் கோயில்ல கொண்டுபோய் வெச்சாங்களாம். வீட்ல வெச்சுக்கவும் முடியல, குப்பையில போடவும் மனசு வரல, கஷ்டப்படற யாராவது போட்டுக்கட்டும்னுதான் வெச்சேன், நீங்க போட்டுக்குங்கன்னாங்க. பாப்பாவை வாரா வாரம் கூட்டிட்டு வரட்டுமான்னு கேட்டாங்க. நான் தலையை ஆட்டிட்டேன்."

அப்பா சொன்னதில் எத்தனையோ இருந்தது. அம்மா அதில் ஒன்றை மட்டும் கேட்டாள்.

"செத்தவரோடதா?"

மாமா தலையில் அடித்துக்கொண்டார். "சொன்னேன்ல? சனியாவது, செவ்வாயாவது! செத்தவன் புள்ளை வந்து கையைப் புடிக்குது பாரு. இன்னும் கொஞ்ச நாள்ல அவனே வந்து கூப்புடுவான்."

"சும்மா இரு மச்சான்" என்றார் அப்பா. "கால் ஆறியிருக்கு. அதை விட்டா எனக்கு என்ன வழி?"

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவர்கள் வந்தார்கள். சிறுமி எதுவும் பேசமாட்டாள். கையைப் பிடித்துக்கொண்டு நடப்பாள், அவ்வளவுதான். நான் பின்னால் போவேன். என் அப்பாவின் உடம்பு, வேறொருவரின் நடை, வேறொருத்தி பிடித்திருக்கும் கை. மூடுபனி அடர்ந்த ஒரு நாளில் அவர்கள் எனக்கு முன்னால் போய் மறைந்தார்கள். குளத்தின் மறுபக்கம் கரடி தனியாக வெளியே வருமா, அல்லது அந்தப் பெண்ணோடு எங்கேயோ போய்விட்டதா என்று தெரியாமல், மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

அம்மா தூங்குவதில்லை. அப்பாவின் மூக்கருகில் விரல் வைத்துப் பார்ப்பாள். கடைசியில் ஒரு சனிக்கிழமை, அப்பா குளிக்கப் போயிருந்தபோது ஷூவை ஒரு பையில் போட்டாள்.

"நீ தொடாத அக்கா. புள்ளை குட்டிக்காரி" என்று மாமா பையை வாங்கிக்கொண்டார். "நான் கொண்டுபோய் அங்கேயே வெச்சுட்டு வரேன். எனக்குச் சனி புதுசா என்ன செஞ்சுடப் போவுது?"

அப்பா வந்து தேடினார். அம்மா விஷயத்தைச் சொன்னாள். அவர் கத்தவில்லை. "நாளைக்கு ஞாயித்துக்கெழமை" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் கான்வாஸ் ஷூவில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தார். காலையில் கரடி பழைய குறுகிய அடிகளில் நடந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் அப்பா திரும்பி வந்துவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் குட்டி ரயில் ஓட்டுகிறவரோடு போய் ஒட்டிக்கொண்டேன். அவர் என்னைச் சும்மாவே ஏற்றிச் சுற்றினார்.

மதியத்துக்கு மேல் பனி மறுபடி இறங்கியது. ரயிலிலிருந்து பார்த்தேன். குளத்தங்கரையில் கரடி, பக்கத்தில் பச்சை ஸ்வெட்டர். கரடி இறங்கியது, நின்றது, எழுந்தது. சிறுமியின் தோள் கூடவே ஏறி இறங்கியது.

ஷூ கோயிலில் இருக்கிறது. நடை மட்டும் இங்கே நடந்துகொண்டிருக்கிறது.

விளக்கு போட்டதும் பின்வாசலில் போய் நின்றேன். அப்பா வர நேரமானது. ஆட்கள் ஒவ்வொருவராக வந்து போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போனார்கள். பிறகு பனிக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. 'டக்.' இடைவெளி. 'டக்.' அத்தனை வாரங்களாக எந்தச் சத்தத்துக்குப் பயந்து ஒளிந்தேனோ, அன்று அதை நோக்கியே ஓடினேன். தனியாக நின்ற பயம் அப்படி. ஓடிப்போய் இடது கையைப் பிடித்துக்கொண்டேன். கை சிறியதாக, விரல்கள் மெல்லியதாக இருந்தன.

நிமிர்ந்து பார்த்தேன். மாமா.

"உங்கப்பா மத்தியானமே போயிட்டாரு. கால்ல ரத்தம். உக்காந்துட்டாரு" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் சும்மாதான் கேட்ல நின்னுக்கிட்டிருந்தேன். சூப்பர்வைசர் கூப்புட்டான்."

நான் கீழே பார்த்தேன். பழுப்புத் தோல். வலது மூக்கில் சிவப்பு நூல்.

வீட்டில் அலுமினியச் சட்டி வெளியே வந்திருந்தது. அப்பா அதற்குள் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமா வாசலில் தயங்கி, ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே வராமல் நின்றார். அம்மா அந்த ஷூவைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அடுத்த ஜுக்கியில் மாமாவின் குழந்தை அழுதது. அம்மா வாயை மூடிக்கொண்டாள்.

அப்பா குனிந்து அந்த இடது ஷூவை எடுத்தார். வீசி எறியப் போகிறார் என்று நினைத்தேன். அவர் உள்ளே கையை விட்டுத் தடவினார். முன்னால் நகர்ந்திருந்த தக்கையைப் பின்னால் தள்ளி, கட்டைவிரலால் அழுத்தி, ஷூவை மாமாவிடம் நீட்டினார்.

"மத்தியானத்துக்கு மேல இது நகந்துடும் மச்சான். அப்பப்ப சரி பண்ணிக்கோ. இல்லேன்னா அந்தப் பாப்பாவுக்குத் தெரிஞ்சுடும்."

மாமா வாங்கிக்கொண்டார். பல வருஷம் அவர்தான் கரடி. அப்பா திரும்பவும் சாந்துச் சட்டிக்குப் போனார். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் நானும் அவரோடு போனேன். அந்தச் சிறுமி கோடை வரை வந்தாளாம். அப்புறம் வரவில்லையாம். உள்ளே ஆள் மாறியது அவளுக்குத் தெரியுமா என்று மாமாவிடம் ஒரே ஒருமுறை கேட்டேன். "அவ எங்கடா மேல பாத்தா?" என்றார்.

அந்தப் பூங்காவை மூடுவதற்குச் சில காலம் முன்பு, இப்போது ஷூ வாங்கிய இந்த மகன் சிறுவனாக இருந்தபோது, அவனை அங்கே அழைத்துப் போனேன். மாமா அப்போது அந்த வேலையில் இல்லை, அந்த ஷூ எந்தக் குப்பையில் போனதோ தெரியாது. கரடி வேஷமும் புதிது, நைலான் ரோமம். ஆனால் குளத்தங்கரையில் அது எங்களை நோக்கி வந்தபோது இடது பக்கமாக இறங்கி, ஒரு கணம் நின்று, எழுந்தது.

ஓய்வறைக்குப் பின்னால் அந்த ஆள் தலையைக் கழற்றி வைத்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பீகார்க்காரர், இளவயது. காலில் சாதாரண ரப்பர் செருப்பு. காலில் ஏதாவது அடியா என்று கூச்சத்தோடு இந்தியில் கேட்டேன்.

அவர் சிரித்தார். "இல்லை அண்ணே. கரடி இப்படித்தான் நடக்கும். எனக்கு முன்னால் இருந்தவர் சொல்லிக் கொடுத்தார்."

டீயை முடித்துத் தலையை மாட்டிக்கொண்டு எழுந்தார். என் மகன் ஓடிப்போய் அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டான். நான் பின்னால் நடந்தேன்.